ஷீலாவின் தாகம்

ஆல்வினின் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ரோஹிணி ஆன்ட்டிங்களா? நான் ஷீலாவோட பையன். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. உங்களப் பார்க்கணும்ங்கிறாங்க" என்றான். எந்த ஷீலா என்று நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரே ஒரு ஷீலாதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் அவளும் தரமணியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. ரயில்வேயில் இருந்த ஜெரோமோடு நாக்பூர் போய்விட்டாள். சில வருடங்கள் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது, பொங்கலுக்கு நான் ஒன்று அனுப்பினேன். அப்புறம் அதுவும் நின்றது. ஜெரோம் தவறிப்போனதும், அவள் தன் ஊரான முடிச்சூருக்கே திரும்பி வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பதும் யார் மூலமோ காதில் விழுந்தன. நான் அஸ்தினாபுரத்தில் இருக்கிறேன். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஆட்டோ தூரம்தான். ஆனாலும் அவளும் வரவில்லை, நானும் போகவில்லை. வாழ்க்கை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வெள்ளம் வந்த வருடத்துக்குப் பிறகு வீட்டை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். தெருவிலிருந்து வாசலுக்கே நாலைந்து படி ஏற வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் வீட்டுக்குப் பின்னால் நெல் வயல் இருந்தது. இப்போது அங்கே அடுக்குமாடி, மாடிக்கு மாடி துணி காய்ந்தது. கதவைத் திறந்தது ஷீலாவின் அண்ணி தனம். அண்ணன் அந்தோணிசாமி வீடும் இவர்கள் வீடும் ஒட்டியே இருக்கின்றன.

"ரோஹிணிம்மாவா? வா, உள்ள வா. ஒன்னியத்தான் காலைலேர்ந்து கேட்டுகினு கீறா" என்றார் தனம் அக்கா.

ஷீலா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கழுத்து எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. கண்கள் மட்டும் அதே கண்கள். என்னைப் பார்த்ததும், "இன்னாடி, தல ஃபுல்லா நரச்சுப்போச்சு? டை அடிக்க மாட்டியா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நடந்ததை அவளே சொன்னாள். குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துவிட்டதாம். வயிற்றுவலி என்று போனவளை அன்றே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். சிறுகுடலில் பெரும்பகுதி கறுத்துப்போயிருந்ததால் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த மேல்பகுதியின் முனையை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் ஒரு பை ஒட்டியிருந்தார்கள். சாப்பிடுவது, குடிப்பது எல்லாம் அந்தப் பையில்தான் வந்து இறங்கும். பெருங்குடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கு எதுவும் போய்ச் சேராததால் உள்ளே சும்மா கிடந்தது. உடம்பு தேறினால் சில மாதங்களில் இரண்டையும் இணைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பார்க்கிறியா?" என்று நைட்டியை விலக்கினாள். "நீ பார்க்காத குடலா?"

பார்த்தேன். பைக்குள் சிவப்பாக, ஈரமாக, மொக்குபோல் ஒன்று இருந்தது. எத்தனையோ குடலைக் கையில் எடுத்தவள் நான். அன்று நைட்டியை நானே இழுத்து மூடிவிட்டேன்.

பேசும்போதெல்லாம் ஷீலா பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். தீர்ந்ததும் தனம் அக்கா நிரப்பிக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு இளநீரும் வெட்டி வந்தது. பை வேகமாக நிரம்பியது. ஆல்வின் முகம் சுளிக்காமல் வந்து அதைக் காலி செய்துவிட்டுப் போனான்.

"டாக்டர் என்ன குடிக்கச் சொன்னார்?" என்று கேட்டேன்.

"அதுவும் கீது, குடிக்கிறேன்" என்று அலமாரியில் இருந்த உப்புச் சர்க்கரைப் பொடிப் பாக்கெட்டுகளைக் காட்டினாள். பிறகு பேச்சை மாற்றிவிட்டாள். "அந்தக் கோழிக்கடை பாலு ஞாபகம் இருக்காடி?"

பாலுவை எப்படி மறப்பேன்! திரும்பி வரும்போது ஆட்டோ முழுக்க அந்த நாட்கள்தான் கூட வந்தன.

சிறுகுடல் உப்பையும் நீரையும் எப்படி உறிஞ்சுகிறது, எப்போது திருப்பிக் கொட்டுகிறது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. செய்முறை எளிமையானது. புதுக் குடலில் ஒரு துண்டை எடுத்து, கண்ணாடிக் குச்சியில் மாட்டி, காலுறையைத் திருப்புவதுபோல் உள்புறம் வெளியே வரும்படி திருப்புவோம். உள்ளே கொஞ்சம் கரைசல் ஊற்றி, இரண்டு முனையையும் நூலால் கட்டினால் சின்னப் பை தயார். அதை எடை போட்டு, உடம்புச் சூட்டில் வைத்த கரைசலில் மிதக்கவிட்டு, ஆக்சிஜன் குமிழி விடுவோம். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மறுபடி எடை போடுவோம். எடை கூடியிருந்தால் குடல் நீரை உறிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

கரைசலில் உப்போடு கொஞ்சம் குளுக்கோஸும் இருந்தால் குடல் இரண்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும், அதன் பின்னாலேயே நீரும் போகும் என்று புத்தகத்தில் இருந்தது. எங்கள் குடல் மட்டும் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. கறிக்கடையிலிருந்து ஆட்டுக்குடல் வாங்கி மாதக்கணக்கில் போராடினோம். எடை ஏறவேயில்லை. நான் தராசைச் சந்தேகப்பட்டேன், குளுக்கோஸ் டப்பாவைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என்னையே சந்தேகப்பட்டேன்.

ஒருநாள் கிண்டி ஸ்டேஷன் படியில் இறங்கும்போது ஷீலா சட்டென்று நின்றாள். பின்னால் வந்த கூட்டம் எங்களைத் திட்டிக்கொண்டே விலகிப் போனது.

"ஆடு தழை தின்னுதுடி" என்றாள்.

"சரி, அதுக்கென்ன?"

"அதுல இருக்கிற மாவு, சர்க்கரை எல்லாம் முதல் வயித்துலயே புளிச்சுப் போயிடுது. சிறுகுடல் வரைக்கும் சர்க்கரை வர்றதே அபூர்வம். வராத விருந்தாளிக்கு எவன் கதவத் தொறந்து வெப்பான்? நமக்குச் சோளம் தின்னுற ஜீவன் வேணும். கோழி!"

மறுநாளே தாம்பரம் மார்க்கெட்டில் பாலுவின் கோழிக்கடைக்குப் போனாள். அவன் வழக்கமாகத் தூக்கிப் போடும் குடலை, அறுத்தவுடன் ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கிக்கொண்டாள். அவள் தாம்பரத்தில் ஏறுவாள், நான் குரோம்பேட்டையில் ஏறுவேன். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் அவள் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். பிளாஸ்கிலிருந்து லேசாக வாடை வரும் நாட்களில் இடம் போடவே வேண்டியதில்லை, சுற்றிலும் காலியாக இருக்கும். எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. நான் தினமும் கோழிக்குடலோடு பயணம் செய்வது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஏன் தலைக்குக் குளிக்கிறேன் என்று மட்டும் கேட்பாள். லேபில் கெமிக்கல் என்பேன்.

கோழிக்குடலில் செய்த முதல் பையே எடை ஏறியது. ஷீலா அதை இடுக்கியில் தூக்கிப் பிடித்து, "குடிக்குதுடி! குடிக்குது!" என்று கத்தினாள். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள், என்னவோ உடைந்துவிட்டதென்று நினைத்து. உப்பு இல்லாத கரைசலிலும் வைத்துப் பார்த்தோம். அதில் எல்லாம் தலைகீழாக நடந்தது. பைக்குள் இருந்த உப்பு வெளியே கசிந்தது, கூடவே நீரும் வந்தது. அந்த இரண்டு முடிவுகளையும் ஒரே வரைபடத்தில் அவள் போட்ட நாள் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மத்தியானம் சாப்பிடவே மறந்துவிட்டோம்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து ஸ்ரீநிவாசனிடம் சொன்னேன். என் கணவர் பொறுமையாகக் கேட்பார், கோழி வரும் இடங்களில் மட்டும் காதைத் தேய்த்துக்கொள்வார்.

அந்த வாரமே ஆல்வின் மறுபடி அழைத்தான். குளியலறையில் ஷீலா மயங்கி விழுந்திருந்தாள். கால் இரண்டும் இழுத்துக்கொண்டதாம், பேச்சு குழறியதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நிதானம் வந்திருந்தது. டாக்டர் ஷ்யாம்சுந்தர் வார்டில் இருந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சின்னக் குரலில், அவசரப்படாமல் பேசினார்.

"யூரின் டெஸ்ட் பண்ணோம் மேடம். அதுல உப்பே இல்ல. உடம்பு ஒரு சிட்டிகையைக்கூட விடாம பிடிச்சு வெச்சுக்கப் பார்க்குது, ஆனா பை வழியா எல்லாம் போயிடுது. டிரிப் போட்டா சரியாகிடுவாங்க. ஆனா வீட்டுக்குப் போனா திரும்பவும் இதே கதைதான்."

"அவ குடிக்கிற தண்ணிதான் காரணம், இல்லையா டாக்டர்?"

"ஆமா. வெறும் தண்ணி கொஞ்சமா, அளவாத்தான்னு டிஸ்சார்ஜ் அப்பவே சொல்லியிருந்தேன். உப்பு, குளுக்கோஸ் கரைச்சதை நாள் பூரா வாய் வாயா குடிக்கணும். பண்றது ரொம்பக் கஷ்டம் மேடம், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. தாகத்துல தவிக்கிறவங்களுக்கு யாரா இருந்தாலும் தண்ணிதானே கொடுப்பாங்க?"

அவர் போனதும் நான் ஷீலாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபமாக வந்தது.

"உனக்காடி தெரியாது? ஊருக்கே தெரியாட்டியும் உனக்குத் தெரியுமே!"

"தெரியும்." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "தெரிஞ்சா தாகம் அடங்கிடுமா? நாக்கு அப்படியே அட்டை மாதிரி ஆயிடுதுடி. கண்ண மூடினா குழாய்த் தண்ணி சத்தம்தான் கேக்குது."

"அந்தக் கரைசலும் தண்ணிதானே? அதைக் குடிக்கறதுக்கு என்ன?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"முதல் நாளு கரைச்சு வாயில வெச்சேன். லேசா உப்பு, லேசா இனிப்பு. நாம பீக்கர்ல விரலைத் தொட்டு நக்கிப் பார்ப்போமே, அதே ருசி. தரமணி, அந்த மேசை, தராசு, நீ, எல்லாம் ஒரேயடியா வந்துடுச்சு. என்னால முழுங்கவே முடியலடி. நாக்பூர்ல போயி ஒரு வருஷம் ஆனதும் அத நினைக்கறதையே விட்டுட்டேன். நினைச்சா பேஜாரு. ஜெரோம் நல்ல மனுஷன், ஒரு குறை வெக்கல. ஆனா அவருகிட்ட கோழிக்குடலப் பத்தி இன்னா பேசுறது? பேசாமப் பேசாம, அது வேற யாருக்கோ நடந்தது மாதிரி ஆயிடுச்சு. இப்ப ஒரு வாய் உப்புத்தண்ணி எல்லாத்தையும் கிளறிவிட்டுடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதான் ஆல்வின்கிட்ட உன் நம்பரத் தேடச் சொன்னேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

கல்லூரிக்குக் கோடை விடுமுறை விட்டிருந்தார்கள். ஆல்வின் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், தனம் அக்காவுக்கு இரண்டு வீடு பார்க்கும் வேலை. நான் கொஞ்ச நாள் முடிச்சூரில் தங்குகிறேன் என்றதும் ஸ்ரீநிவாசன், "போயிட்டு வா. நான் மாவு வாங்கி தோசை ஊத்திச் சமாளிச்சுக்கறேன்" என்றார்.

முதலில் தனம் அக்காவோடு பேச வேண்டியிருந்தது. அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"இன்னாம்மா அக்குறும்பா கீது! தண்ணி தண்ணியா போவுது, தண்ணி குடுக்காதேன்னா அவ வறண்டு பூட மாட்டா? நீயே சொல்லு ரோஹிணிம்மா."

நான் வாயைத் திறக்குமுன் ஷீலா தன் வகுப்புக் குரலில் ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி, இங்க உக்காரு. நாம குடிக்கிற தண்ணி கொஞ்சந்தான். எச்சி, இரைப்பையில ஊறுற தண்ணி, பித்தம், அது இதுன்னு உடம்பே அதப்போல பல மடங்கு உள்ள ஊத்துது. எல்லாம் உப்புத்தண்ணி. அதுல முக்கால்வாசிய கீழ இருக்கிற சிறுகுடல் திரும்ப எடுத்துக்கும், மிச்சத்தப் பெருங்குடல் எடுத்துக்கும். எனக்குக் கீழ்க்குடலே இல்ல. பெருங்குடல் சும்மா கிடக்குது. மேல்குடல் சல்லடை மாதிரி. வெறும் தண்ணி வந்துதுன்னா, உடம்புல இருக்கிற உப்பத் தூக்கி அதுல கொட்டிடும். உப்பு வெளிய போச்சுன்னா தண்ணியும் கூடவே போயிடும்."

"அப்போ நான் குடுக்கக் குடுக்க…"

"கொஞ்சம் உள்ள போவும். அதவிட அதிகமா வெளிய வரும்."

"இளநீருமா?"

"அதுலயும் எனக்குத் தேவையான உப்பு பத்தாது அண்ணி."

தனம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பாசமா குடுக்கறேன்னு நானே… மாதாவே!" ஷீலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பாத்துகினதாலதான் நான் உயிரோட கீறேன். விடு."

ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த அளவுப்படி குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் ஆறவைத்த தண்ணீரில் கரைத்தேன். ஷீலா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஸ்பூனைத் தட்டி மட்டம் பண்ணுடி. குவிச்சுப் போடாதே" என்றாள். இரண்டு நாளில் அடுப்படி அவள் கைக்குப் போய்விட்டது. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஃபிரிட்ஜில் வைத்தால் ருசி மட்டுப்படுகிறதா, எலுமிச்சை பிழிந்தால் இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குளிரவைத்து, கொஞ்சம் எலுமிச்சை சேர்த்து, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் குமட்டவில்லை என்று முடிவானது. அந்த ருசி வரும்போதெல்லாம் தரமணியும் வந்தது. இந்த முறை பேச ஆள் இருந்தது. ஒரு டம்ளர் கரைசல் முடிவதற்குள் ஒரு கதை முடியும். கண்ணாடிக் குச்சியை உடைத்துவிட்டு நாங்கள் ஒளித்து வைத்த கதை, மழையில் தண்டவாளம் மூழ்கி பல்லாவரத்திலிருந்து குடல் பிளாஸ்கோடு நடந்தே வந்த கதை, அச்சுதன் என்ற சீனியர் எங்கள் கரைசலை எலுமிச்சை ஜூஸ் என்று நினைத்து முழுக் கிளாஸ் குடித்துவிட்ட கதை. அச்சுதன் கதைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பை கழன்றுவிடப் போகிறதென்று நான் பயந்தேன்.

ஆனால் தாகம் தாகமாகவே இருந்தது. அது சித்திரை வெயில். மதியத்தில் சிமெண்டுத் தெருவைப் பார்த்தாலே தொண்டை காய்ந்துபோகும். வெறும் தண்ணீருக்கு டாக்டர் சொன்ன அளவு காலையிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு மத்தியானம் நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். துணி துவைக்கும் கல் பக்கத்தில், குழாயடியில் அவள் குனிந்திருந்தாள். ஒரு கையால் வயிற்றுப் பையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் குவித்து, தண்ணீரை வாயில் வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தாள். நைட்டி முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் குழாயை மூடவில்லை.

"ஒரே ஒரு வாய்டி" என்றாள். ஒரு வாய் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

நான் கிட்டே போனேன். குழாயை மூடிவிட்டு, துவைக்கிற கல்லில் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அவள் அழுதாள். விழுந்தபோதும் இப்படி அழாதவள், பையைக் காட்டும்போதும் அழாதவள்.

"எனக்கு வெக்கமா கீதுடி. எல்லாம் தெரிஞ்சும் நாய் மாதிரி குடிக்கிறேன்."

"தாகத்துக்கு என்ன வெக்கம்?" என்றேன். பிறகு எனக்கே தெரியாமல் ஒன்று சொன்னேன். "நீ இந்தப் பை எடுக்கற வரைக்கும் நானும் வெறும் தண்ணி குடிக்கல. உனக்கு என்னவோ அதான் எனக்கும்."

அவள் அழுகையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு பி.பி. இருக்கில்ல?"

"இருக்கு."

"அவ்ளோ உப்பு குடிச்சா நீ எனக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடுவ. லூசு. பிஎச்.டி. வேற வாங்கியிருக்கா!" மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். "நீ தண்ணி குடி. ஆனா என் கண்ணு முன்னால குடிக்காத."

அன்று முதல் நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்தேன். தனம் அக்காவும் அப்படியே. ஆல்வின் மாடிக்குப் போய்க் குடிப்பான். ஷீலா உள்ளேயிருந்து, "எல்லாரும் திருட்டு தம் அடிக்கறீங்களாடா?" என்று கத்துவாள்.

குழாயடியில் குடித்ததற்கு அன்று முழுக்க பை ஓயாமல் நிரம்பியது. அவளே அதைப் பார்த்தாள், கரைசல் டம்ளரை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் குழாயடிக்குப் போனதாக எனக்குத் தெரியவில்லை.

தனம் அக்காதான் அடுத்த வழியைக் கண்டார். நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, உப்பைத் தூக்கலாகப் போட்டுக் கஞ்சி கொண்டுவந்தார். "இதுலயும் உப்பு கீது, அரிசி கீது. ஒங்க குளுக்கோஸு மாதிரி இதுவும் வேல செய்யுமா?" ஷீலாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சோறு உடைந்தால் குளுக்கோஸ்தானே? டாக்டரிடம் போனில் கேட்டோம். தாராளமாகக் கொடுங்கள் என்றார். உணவுக்கு முன் குடலின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரையும், இரைப்பையில் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரையும் ஏற்கனவே இருந்தன. எல்லாம் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியது. பைக்குள் வருவது குறைந்தது, கெட்டியானது. நாக்கு ஈரமானது. கால் இழுப்பது நின்றது. கஞ்சியோடு ஊறுகாய் கேட்க ஆரம்பித்தாள்.

அடுத்த பரிசோதனையில் சிறுநீரில் உப்பு வந்துவிட்டது. டாக்டர் ஷ்யாம்சுந்தர் முகமெல்லாம் சிரிப்பாக, "இனிமே உடம்புக்குக் கஞ்சத்தனம் பண்ண வேண்டிய அவசியமில்ல" என்றார். ஷீலா ஒரு கேள்விக்குமேல் ஒரு கேள்வியாகக் கேட்டாள். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் பெருங்குடல் இணைத்தவுடன் உப்பை உறிஞ்சுமா, அதன் சுவர் மெலிந்திருக்காதா என்றெல்லாம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார். வெளியே வரும்போது, "நல்ல பையன். தெரியாததத் தெரியாதுன்னு சொல்றான்" என்றாள்.

விடுமுறை முடிந்து நான் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தேன். ஆனாலும் வாரக் கடைசியில் முடிச்சூர்தான். ஐப்பசி மழையில் தெரு முழங்கால் அளவு நிரம்பியபோது ஆல்வின் வண்டியைப் படிமேல் ஏற்றி வைத்துவிட்டு, அம்மாவை ஒரு வாரம் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டான். ஸ்ரீநிவாசன் அவளுக்கு ரசம் வைத்துக் கொடுத்தார், உப்பு தூக்கலாக. அவள் அவரிடம் கோழிக்கதைகளை எல்லாம் முதலிலிருந்து சொன்னாள். அவர் காதைத் தேய்க்கவில்லை.

தை மாதத்தில் இணைத்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து எல்லோரும் காத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. குடல் விழித்துக்கொண்டது என்பதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தனம் அக்கா அதற்காக ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை ஆல்வின் ஓடிவந்து வெட்கத்தோடு, "அம்மாவுக்கு… வந்துடுச்சாம்" என்றான். தனம் அக்கா இரு கையையும் மேலே தூக்கி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று கூவினார். எதற்காக என்று தெரியாமல் எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்களும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

முதல் சில வாரம் தொல்லையாகத்தான் இருந்தது. பெருங்குடல் மெல்ல மெல்ல வேலையைக் கற்றுக்கொண்டது. பங்குனியில் அவளால் கடைக்குப் போய் வர முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெறும் தண்ணீரின் அளவையும் டாக்டர் கூட்டினார். இப்போது சாப்பாட்டில் சில கட்டுப்பாடுகள், சில மாத்திரைகள், சத்து ஊசி. மற்றபடி அவள் பழைய ஷீலா. பள்ளிக்கூடத்தில் பாதிநாள் வேலைக்குத் திரும்பவும் கூப்பிட்டிருக்கிறார்கள். போவதா வேண்டாமா என்று ஆல்வினோடு தினம் சண்டை.

முடிச்சூர் போக வேண்டிய தேவை நின்றதும் எனக்குத்தான் வாரக் கடைசிகள் நீளமாகிவிட்டன. போன வாரம் இந்த வருடத்துக்காக வகுப்பில் குடல் பாடம் ஆரம்பித்தேன். உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து உள்ளே போகும் படத்தைப் பலகையில் வரையும்போது முன்பெல்லாம் தரமணி மேசைதான் மனசில் வரும். இப்போது அது வரவில்லை. வெயில் கொளுத்தும் முடிச்சூர் மத்தியானம் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பூனை மட்டம் தட்டும் ஷீலா, கஞ்சிப் பாத்திரத்தோடு தனம் அக்கா, கதவுக்குப் பின்னால் ஒளிந்து தண்ணீர் குடிக்கும் நான். அவள் செத்துப் பிழைத்த நாட்களுக்காக இப்படி ஏங்கலாமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

அதை அவளிடம் போனில் சொல்லியும்விட்டேன்.

"எனக்கும் அப்படித்தான்டி கீது" என்றாள். "சனிக்கிழம வந்துடு. அண்ணி வாழைப்பூ வடை சுடுறேன்னு சொல்லிகினு கீது. எனக்கு ஒண்ணுதான் அலவ்ட். மீதி எல்லாம் உனக்கு."